டிஷ்யூ கல்ச்சர் கப்: கடையில் வாங்குவது முதல் தொட்டியில் தேற்றுவது வரை

வாழை போடும் விவசாயிகளுக்கு டிஷ்யூ கன்று, அதாவது ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்று, புதிதல்ல. ஜி-9 ரக வாழைக் கன்றுகள் ஆய்வகப் பாட்டிலிலிருந்து நேராக வயலுக்குப் போவதில்லை. நடுவில் நிழல்வலைக் கூடாரத்தில் வாரக்கணக்கில் வைத்து, ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெளிக்காற்றுக்குப் பழக்கி, கன்று தேறிய பிறகுதான் விற்பனைக்கு வரும். ஹார்டனிங் என்பார்கள். மீன்தொட்டிக்கு நாம் வாங்கும் டிஷ்யூ கல்ச்சர் கப்பில் அந்தக் கட்டம் நடப்பதே இல்லை. சீல் பிரிக்காத கப், உள்ளே ஜெல், அதில் செடி. அப்படியே நம் கைக்கு வந்துவிடுகிறது. கூடாரத்தில் நடக்க வேண்டியது நம் தொட்டியில் நடக்கிறது. நட்ட பத்தாம் நாள் எல்லாம் கரைந்து போச்சு என்று வரும் புலம்பல்களில் பாதிக்குமேல் இதைத் தெரிந்துகொள்ளாததால் வருபவைதான்.

கப்புக்குள் என்ன இருக்கிறது

1962-ல் முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் புகையிலைத் திசுவை வளர்ப்பதற்காக ஓர் ஊட்டக் கலவையை உருவாக்கினார்கள். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் புழங்குவது பெரும்பாலும் அதுவோ, அதைச் சற்று மாற்றிய கலவையோதான். நைட்ரஜன், பொட்டாசியம், இரும்பு போன்ற உப்புகள், வைட்டமின், செடி கிளைப்பதற்கான ஹார்மோன் எல்லாம் அதில் உண்டு. இவற்றோடு லிட்டருக்குச் சுமார் 30 கிராம் சர்க்கரை. அகார் சேர்த்து இறுக்கினால் நாம் பார்க்கும் ஜெல்.

இந்தச் சர்க்கரையைக் கவனியுங்கள். கப்புக்குள் இருக்கும் செடி தன் சாப்பாட்டைத் தானே முழுதாகத் தயாரித்துக்கொள்ளும் கட்டாயத்தில் இல்லை. வேரடியிலேயே சர்க்கரை கிடைக்கிறது. மூடிய கப்பில் காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதத்தை ஒட்டி இருப்பதால் இலையின் மேல் மெழுகுப் படலமும் சரியாக உருவாவதில்லை. பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தாலும் அது செல்லம் கொடுத்து வளர்த்த செடி. வெளியே எடுத்து மின்விசிறிக்கு அடியில் சில நிமிடம் வைத்தாலே துவண்டுவிடும்.

சரி, பிறகு எதற்காக இதை வாங்க வேண்டும்? சுத்தம். நத்தை முட்டை, பிளனேரியா, ஹைட்ரா மாதிரி நீர்ச் சிற்றுயிர்கள், தும்பிக் குஞ்சு, பாசித் துணுக்கு எதுவுமே வராது. தொட்டியில் வளர்த்த செடி எவ்வளவு கழுவினாலும் ஏதாவது ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் வரும். நர்சரியில் பூச்சிமருந்து அடித்த செடியாக இருந்தால் ஷ்ரிம்ப் வளர்ப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து. கப் செடியில் அந்தப் பயம் இல்லை. இன்னொன்று, காட்டிலிருந்து பிடுங்கிவரும் வியாபாரத்தை இது குறைக்கிறது. போர்னியோவின் ஓடைப் பாறைகளில் மட்டுமே வளரும் புசெபலாண்ட்ராவை மூட்டை மூட்டையாகச் சுரண்டி விற்றிருக்கிறார்கள். அதையே கப்பில் வாங்கும்போது எந்த ஓடையும் மொட்டையாவதில்லை.

எதை வாங்குவது, எதை விடுவது

படத்தைப் பார்த்துச் செடி தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, பகல் இரண்டு மணிக்கு உங்கள் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி என்று பாருங்கள். படங்களில் மயக்குகிற தொட்டிகள் பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி செல்சியஸில் ஓடுபவை. ஏசி இல்லாத சென்னை வீட்டில் மே மாதம் தண்ணீர் 30-ஐத் தாண்டும், 32-ம் ஆச்சரியமில்லை. எந்தச் செடி என்பதை முக்கால்வாசி அந்த எண்ணே தீர்மானித்துவிடுகிறது.

கியூபா என்று செல்லமாக அழைக்கப்படும் ஹெமியாந்தஸ் காலிட்ரிகாய்டிஸ் குட்டி இலைக் கார்பெட், அதாவது தரையில் கம்பளம்போலப் படரும் செடி. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் சூடு 28-ஐத் தாண்டினால் சுணங்கும், சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) இல்லையென்றால் கரையும். வெப்பத்தை அடக்க வழியில்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதே தோற்றத்துக்கு மாண்டி கார்லோ போதும். இலை கொஞ்சம் பெரிது, பொறுமைசாலி, சிஓடூ இல்லாவிட்டாலும் மெதுவாகவாவது நகரும். புல்வெளி வேண்டுமென்றால் குட்டை ஹேர்கிராஸ்.

கிரிப்டோகோரைன் வெண்டி, பெக்கெட்டி, வாக்கெரி, குட்டையான பார்வா நான்குமே இலங்கையின் ஓடைச் செடிகள். நம் சூட்டுக்கு வெண்டி நன்றாகவே ஒத்துப்போகும். வெளிச்சமும் அதிகம் கேட்காது. கப்பில் வாங்க மிகவும் தகுந்த செடி எதுவென்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஒரே கப்பில் பத்துக்கு மேல் தனித்தனிக் கன்றுகள் கிடைக்கும்.

அனுபியாஸைக் கப்பில் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. மாதத்துக்கு ஓர் இலை விடுகிற செடி அது. கப்பில் வருவது நகம் அளவுக் குட்டி. கல்லில் ஒட்டியபடியோ சின்னச் செடித்தொட்டியிலோ வரும் பெரிய செடியை வாங்கினால் ஒரு வருடக் காத்திருப்பு மிச்சம். ரொட்டாலா ரொட்டுண்டிபோலியா, ஹைக்ரோபிலா மாதிரி வேகமாக வளரும் ஸ்டெம் (தண்டுச்) செடிகளுக்கும் கப் தேவையில்லை. பக்கத்து ஊர் நண்பர் டிரிம் பண்ணி எறிகிற கட்டே போதும். ஷ்ரிம்ப் தொட்டி வைத்திருந்து சுத்தம் மட்டுமே முக்கியம் என்றால் அது வேறு. நம் வயல் ஓரத்து நீர்ப்பிரமிதான் கடையில் பகோபா மொன்னியேரி என்ற பெயரில் விற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் கப்பைக் கையில் எடுத்தால்

சென்னை கொளத்தூர் பக்கம் போனால் அலங்கார மீன் கடைகளில் கப்புகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே தெரியும் பச்சையைப் பார்த்து ஏமாறாமல் கப்பைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஜெல் கண்ணாடிபோலத் தெளிவாகவோ லேசான பழுப்பாகவோ இருக்கலாம். பால் கலந்ததுபோல வெண்மேகம், மஞ்சள் திட்டு, பஞ்சு நூல்போல ஏதாவது பரவியிருந்தால் உள்ளே பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைந்துவிட்டது என்று பொருள். வேர் வெள்ளையாக இருப்பது நல்லது. செடி நெட்டுக்குத்தாக வெளுத்து நீண்டிருந்தால் வெளிச்சமில்லாத அலமாரியில் ரொம்ப நாள் கிடந்திருக்கிறது. மூடியில் நீர்த்துளி கோத்திருப்பது இயல்பு. பயணத்தில் குலுங்கி ஜெல் உடைந்திருந்தாலும் கெடுதல் இல்லை. ஜெல் இல்லாமல் திரவத்தில் வளர்த்த கப்புகளும் வருகின்றன. அவற்றைக் கழுவுவது இன்னும் சுலபம்.

கப் நிறைந்து இலைகள் மூடியை முட்டிக்கொண்டிருந்தால் பேரம் பேசாமல் எடுத்துவிடுங்கள். பாதி கப்புதான் நிறைந்திருக்கிறது என்றால் அதே விலைக்குப் பாதிச் செடி.

ஆன்லைனில் வாங்குபவர்கள் மாதத்தைப் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். ஏப்ரல், மே மாதங்களில் கூரியர் வண்டிக்குள் மூடிய கப் வெந்துவிடும். வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு குடோனில் கிடப்பது தவிரும். பார்சல் பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்து வைப்பது நல்லது. பல விற்பனையாளர்கள் அது இல்லாமல் மாற்றுச் செடி தருவதில்லை.

வந்த கப்பை உடனே நட முடியவில்லை என்றால் சீல் பிரிக்காமல், வெயில் படாத, வெளிச்சமான, குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் வைக்கலாம். ஜன்னலோரம் வேண்டாம், சிறிது நேர வெயிலிலேயே கப்பின் உள்பக்கம் கொதிக்கும். ஃபிரிட்ஜும் வேண்டாம், இவை வெப்பமண்டலச் செடிகள்.

கப்பைத் திறப்பதற்கு முன்

தொட்டி தயாராக இருக்க வேண்டும். கப்பைத் திறந்துவிட்டு மண் வாங்கக் கடைக்கு ஓடக் கூடாது.

கார்பெட் செடிக்கு, தொட்டிச் செடிகளுக்கென்றே விற்கும் மணி மணியான அக்வா சாயில் மண் முன்பக்கம் 3, 4 சென்டிமீட்டர், பின்பக்கம் 6, 7 சென்டிமீட்டர். சாதாரண ஆற்று மணலில் கிரிப்ட் (கிரிப்டோகோரைன்) வளர்க்கலாம், வேரடியில் ரூட் டேப் என்ற உர மாத்திரை வைத்தால். கார்பெட்டுக்கு மணல் சரிப்படாது.

தண்ணீர்தான் நம் ஊரில் தனிக் கதை. பல இடங்களில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும். கிரிப்ட் அதையும் சமாளித்துவிடும், மென்மையான செடிகள் சமாளிக்காது. ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து டிடிஎஸ் 150, 200 அளவில் வைத்தால் பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தும். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் விட மறக்காதீர்கள்.

சிஓடூ பற்றிப் பலருக்கும் தயக்கம். வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. கப்புக்குள் காற்றிலும் சர்க்கரையிலும் வாழ்ந்த செடிக்குத் தொட்டியில் இரண்டும் ஒரே நாளில் பறிபோகிறது. அதனால்தான் முதல் மாதம் சிஓடூ கொடுத்தால் இவ்வளவு வித்தியாசம் தெரிகிறது. சிலிண்டர் வாங்க மனமில்லை என்றால் சிட்ரிக் அமிலமும் சோடா உப்பும் போட்டு இயங்கும் பாட்டில் செட் போதும். இரண்டடித் தொட்டி வரை அது தாங்கும். சிஓடூ அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் ஒன்று தொட்டிக்குள் ஒட்டிவையுங்கள். நீலம் என்றால் போதவில்லை, வெளிர்பச்சை என்றால் ஏறக்குறைய 30 பிபிஎம், மஞ்சள் என்றால் அதிகம்.

ஜெல் கழுவுவது

இதற்குப் பொறுமை வேண்டும். மூன்று கிண்ணத்தில் அறை வெப்பநிலைத் தண்ணீர், ஒரு கூர்மையான கத்தரிக்கோல், ஒரு டீ வடிகட்டி, ஸ்ப்ரே பாட்டில். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

கப்பை லேசாக அமுக்கித் திருப்பினால் ஜெல்லும் செடியும் ஒரே வில்லையாக வெளியே வரும். விரலால் பிய்க்க முயலாதீர்கள். அடிப்பக்க ஜெல்லில் முக்கால் பங்கைக் கத்தரிக்கோலால் அப்படியே வெட்டி எறிந்துவிடலாம். அதோடு சேர்ந்து போகிற வேர்களுக்காகக் கவலைப்பட வேண்டாம். ஜெல்லுக்குள் முளைத்த வேர் மண்ணில் பெரிதாக உதவாது, செடி புதிதாக விட்டுக்கொள்ளும்.

மிச்சத்தை முதல் கிண்ணத்தில் மூழ்கவைத்து, வேர்ப்பகுதியை இரு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டுங்கள். தண்ணீருக்குள் ஜெல் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். வழுவழுப்பு இருக்கும்வரை ஜெல் இருக்கிறது. வேர்நார் விரலில் சொரசொரவென்று தட்டுப்பட்டால் இரண்டாவது கிண்ணம். மூன்றாவதில் தண்ணீர் கலங்காமல் இருந்தால் வேலை முடிந்தது. மாண்டி கார்லோ, கியூபா போன்றவை வலைபோலப் பின்னியிருக்கும். அவற்றை வில்லையோடு நாலு துண்டாக வெட்டிக் கழுவினால் நடுவில் ஒளிந்திருக்கும் ஜெல்லும் வெளியேறும். உதிர்ந்து மிதக்கும் துணுக்குகளை டீ வடிகட்டி பிடித்துக்கொள்ளும். அவையும் வளரும், கொட்டிவிடாதீர்கள்.

ஜெல் மிச்சமிருந்தால் என்ன? அதில் இருக்கிற சர்க்கரை பாக்டீரியாவுக்கு விருந்து. இரண்டு மூன்று நாளில் செடியைச் சுற்றி வெள்ளைச் சளிபோலப் படரும், தண்டு அந்த இடத்தில் அழுகும், தண்ணீர் கலங்கும்.

நடவு

கழுவியதை ஈரமான தட்டில் பரப்பி, அவ்வப்போது ஸ்ப்ரே அடித்துக்கொண்டே இருங்கள். தொட்டியில் மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரம் மட்டும் தண்ணீர் வைத்தால் நடுவது எளிது.

கார்பெட் செடியை ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் துணுக்குகளாகப் பிரியுங்கள். முழு வில்லையை அப்படியே பதித்தால் பார்க்க உடனே பச்சையாக இருக்கும். ஆனால் உள்பக்கம் வெளிச்சமில்லாமல் அழுகி ஒரு நாள் மொத்தமாக மிதக்கும். கூர்முனை ட்வீசரால் துணுக்கின் அடியைப் பிடித்து, சாய்வாக மண்ணுக்குள் செருகி, உள்ளேயே பிடியைத் தளர்த்தி, லேசாக ஆட்டியபடி வெளியே எடுங்கள். மேலே இரண்டு மூன்று இலை மட்டும் தெரிந்தால் போதும். ஆழம் அதிகமோ என்று தோன்றும், இல்லை. ஆழம் குறைந்தவைதான் மறுநாள் காலை மிதக்கும். துணுக்குக்குத் துணுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

கிரிப்டின் வேரைத் தாராளமாகக் கத்தரித்து, நடுக்குருத்து மண்ணுக்கு மேலே இருக்குமாறு நடவேண்டும். புசெபலாண்ட்ரா, ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்கவே கூடாது. கல்லிலோ மரக்கட்டையிலோ ஒரு துளி சூப்பர் க்ளூ ஜெல் வைத்து ஒட்டிவிடலாம், மீனுக்கு அது தீங்கில்லை.

எல்லாம் நட்டபின் மண்ணின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். நட்டது கலையாது.

ஒரு யோசனை. கப்பின் கால்பங்கை நடாமல் வைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள ஸ்வீட் பாக்ஸில் ஈர அக்வா சாயில் பரப்பி அதில் ஊன்றி, எல்இடி வெளிச்சத்தில் வைத்தால் தண்ணீருக்கு வெளியே ஜோராக வளரும். தொட்டியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்னொரு கப்புக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

முதல் மாதம்

முதல் வாரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு பழைய இலைகள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி மாறி உருகத் தொடங்கும். கிரிப்ட் சில சமயம் மொட்டையாகவே ஆகிவிடும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். காற்றில் வாழ அமைந்த இலைகளைச் செடி உதிர்த்துவிட்டு, நீருக்குள் வாழும் இலைகளை விடுகிறது. வேர் உறுதியாகவும் குருத்து பச்சையாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. உருகிய இலைகளை மட்டும் தினமும் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விட்டால் அம்மோனியா ஏறும், பின்னாலேயே பாசி வரும்.

விளக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், டைமரில். சீக்கிரம் வளரட்டும் என்று பத்து மணி நேரம் எரியவிட்டால் செடிக்குப் பதில் பாசிதான் வளரும். சிஓடூ விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்பே ஓடத் தொடங்க வேண்டும். புது அக்வா சாயில் அம்மோனியா கக்கும் என்பதால் முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டாம் வாரம் இரண்டு முறை, அப்புறம் வாரம் ஒருமுறை. புது இலை வரும்வரை திரவ உரம் அதிகம் வேண்டாம், சாப்பிட ஆளில்லை. பழுப்புத் தூள்போல டயாட்டம் என்ற பாசி படிந்தால் பதற வேண்டாம், தானாகவே போய்விடும்.

பத்து, பதினைந்து நாளில் குருத்திலிருந்து வேறு வடிவில், வேறு நிறத்தில் இலை எட்டிப்பார்த்தால் செடி தேறிவிட்டது. விளக்கை மெதுவாக ஏழு, எட்டு மணி நேரத்துக்கு உயர்த்தலாம். உரமும் தொடங்கலாம்.

கோடையில் நட்டால் தொட்டியின் மேற்பரப்பில் காற்று வீசுமாறு சின்ன மின்விசிறி பொருத்துங்கள். ஆவியாதலே இரண்டு மூன்று டிகிரி குறைத்துவிடும். ஆனால் தண்ணீர் தினமும் இறங்கும். அதை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஆவியாகிப் போவது வெறும் நீர், உப்பு உள்ளேயே தங்கும். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் டிடிஎஸ் எங்கேயோ போய் நிற்கும்.

மீனுக்கு அவசரப்படாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு, பெரும்பாலும் நாலு வாரம் கழித்து. முதலில் அமானோ ஷ்ரிம்ப், நெரைட் நத்தை. கோல்டுஃபிஷ் இந்தத் தொட்டிக்குள் வரவே கூடாது, மண்ணைக் கிளறி எல்லாவற்றையும் பிடுங்கிவிடும்.

டிரை ஸ்டார்ட்

சிஓடூ செலவு வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: மண்ணை ஈரமாக மட்டும் வைத்து நட்டு, தொட்டி வாயைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, நாலைந்து வாரம் காற்றிலேயே வளர்ப்பது. கப்பின் ஈரச் சூழலுக்கு இது நெருக்கம் என்பதால் செடி அதிகம் மிரளாது; கார்பெட் செடிகளும் கிரிப்டும் புசெபலாண்ட்ராவும் நன்றாக வேர்பிடிக்கும். முன்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் தண்ணீர் மட்டம் மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும், குட்டை கட்டக் கூடாது. தினமும் பத்து நிமிடம் உறையைத் திறந்து காற்று விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதைத் தவறவிட்டால் வெண்பூஞ்சை வலை கட்டிவிடும். கடைசியில் தண்ணீர் நிரப்பும்போது இலை உருகுவது ஓரளவு இருக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் வேர் இறங்கியிருப்பதால் தாங்கிக்கொள்ளும். கோடையில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வெட்டுவதும் வெட்டியதை என்ன செய்வதும்

மாண்டி கார்லோ மூன்று சென்டிமீட்டர் தடிமனைத் தொட்டதும் தயங்காமல் பாதிக்கு வெட்டுங்கள். வெட்டாமல் ரசித்துக்கொண்டிருந்தால் அடியடுக்கு மட்கி, கம்பளம் மொத்தமாக மேலே வந்துவிடும். ஃபில்டரை நிறுத்திவிட்டு வெட்டினால் துணுக்குகளை வலையில் அள்ளுவது சுலபம். ஒருமுறை பிடித்துக்கொண்டால் அதே செடிக்கு மறுபடி கப் வாங்க வேண்டியதே இல்லை.

வெட்டியதைத் தெருமுனை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். 2020-ல் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் கால்வாய் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்க ஊரே திரண்டது. அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா, மீன்தொட்டிச் செடி. வேண்டாத துணுக்குகளைச் செய்தித்தாளில் பரப்பி வெயிலில் மொறமொறவென்று காய வைத்து, மாடித் தோட்டத்துத் தொட்டி மண்ணில் கலந்துவிடலாம்.